சங்கம் ஆரம்பித்தால் ரோடு வருமா?

கேட்டவர் எழுதியிருப்பதைச் சுருக்கிச் சொல்கிறேன். தாம்பரம் மாநகராட்சியில், முன்பு பேரூராட்சியாக இருந்த பகுதியில், நூற்றைம்பது வீடுகள் உள்ள ஒரு நகர். உள்தெருக்கள் குண்டும் குழியுமாகக் கிடக்கின்றன. மழை பெய்தால் இரண்டு தெருக்களில் தண்ணீர் வடிய ஒரு வாரம் ஆகிறது. தெருவிளக்குகளில் பாதி எரிவதில்லை. குடியிருப்போர் நலச் சங்கம் ஆரம்பிக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். பக்கத்து நகரில் ஏற்கெனவே ஒரு சங்கம் இருக்கிறது. அங்கே பொங்கல் விழாவும் கோலப் போட்டியும் தவறாமல் நடக்கின்றன, ரோடு மட்டும் பழைய ரோடுதான். பதிவு செய்த சங்கம் சொன்னால் மாநகராட்சி கேட்டே ஆக வேண்டுமா, இல்லை எல்லோரும் கையெழுத்துப் போட்டு ஒரு மனு கொடுத்தாலே போதுமா?

மேலோட்டமாகப் பார்த்தால் இது சட்டக் கேள்வி. உள்ளே இருப்பது வேறு: ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழித்து, அக்கம்பக்கத்தில் மனஸ்தாபம் சம்பாதித்து, சந்தா வசூலித்து ஒரு சங்கத்தை நடத்தினால் காரியம் நடக்குமா, இல்லை லெட்டர்பேடும் ரப்பர் ஸ்டாம்பும்தான் மிஞ்சுமா? அதற்குத்தான் பதில் சொல்லப் பார்க்கிறேன். சென்னைப் புறநகரில் ஒரு நகராட்சியின் பொறியியல் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தேன். ஓய்வு பெற்ற பிறகு எங்கள் தெருச் சங்கத்தில் செயலாளர் பொறுப்பைத் தலையில் கட்டிவிட்டார்கள். மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தவன் என்பதுதான் என் தகுதி. வழக்கறிஞர் அல்ல, கோர்ட் வரை போகிற விஷயம் என்றால் வழக்கறிஞரைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் சட்டக் கேள்வியை முடித்துவிடுகிறேன். பதிவு செய்த சங்கம் கேட்டால் மாநகராட்சி செய்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நூறு பேர் கையெழுத்துப் போட்ட மனுவும், பதிவு எண் அச்சடித்த லெட்டர்பேடில் வந்த மனுவும் தபால் பிரிவில் ஒரே பதிவேட்டில்தான் ஏறும். அப்படியானால் சங்கம் எதற்கு? என் அனுபவத்தில் ஒரே ஒரு காரணம். மனு கொடுத்த வருடம் இருந்த உதவிப் பொறியாளர் அடுத்த வருடம் மாற்றலாகிப் போயிருப்பார். கமிஷனர் மாறுவார், கவுன்சிலர் மாறுவார், நிதி வருகிற திட்டத்தின் பெயரே மாறும். அலுவலகத்தில் யாருக்கும் உங்கள் தெருவின் கதை நினைவில் இருக்காது. போன மனு எந்தத் தேதியில் போனது, என்ன பதில் வந்தது, யார் வந்து அளந்துவிட்டுப் போனார்கள் என்று ஒரு ஃபைலைத் தெருவிலேயே வைத்திருப்பவர்களின் வேலைதான் முடிந்து நான் பார்த்திருக்கிறேன். கையெழுத்து மனு கொடுத்தவர்கள் கொடுத்த அன்றே கலைந்துவிடுகிறார்கள். சங்கம் அந்த ஃபைலை வைத்திருக்கும் என்றால் ஆரம்பியுங்கள். வைத்திருக்காது என்றால் கோலப் போட்டியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அதில் தப்பொன்றும் இல்லை.

சரி, அந்த ஃபைலில் முதல் தாளாக எது இருக்க வேண்டும்? மனு அல்ல, உங்கள் மனைப்பிரிவின் அங்கீகார வரைபடம். பல நகர்களில் இருபது வருடமாக ரோடு கேட்டு நடக்கிறார்கள். ரோடு யாருடையது என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். சி.எம்.டி.ஏ., அதாவது சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் அப்ரூவல் வாங்கிய லேஅவுட் என்றால், சாலைகளையும் பூங்காவுக்கான இடத்தையும் மனை போட்டவர் உள்ளாட்சி அமைப்புக்குத் தானப் பத்திரம் மூலம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அந்தப் பத்திரம் ஆகாமல் இருந்தால், காகிதத்தில் அந்தச் சாலை இன்னும் தனியார் நிலம். தனியார் நிலத்தில் பொதுப்பணத்தைப் போட்டால் தணிக்கையில் கேள்வி வரும் என்று பொறியாளர் ஃபைலைத் திருப்பி அனுப்பிவிடுவார். அவர் இதை உங்களிடம் நேரில் சொல்ல மாட்டார், ‘ஃபண்ட் இல்லை’ என்றுதான் சொல்வார். நீங்களும் நிதி வரட்டும் என்று காத்திருப்பீர்கள். உங்கள் நகர் அங்கீகாரமில்லாத மனைப்பிரிவு என்றால், 2016 அக்டோபர் 20-ஆம் தேதிக்கு முன் உருவானவற்றை வரன்முறைப்படுத்த 2017-இல் விதிகள் வந்தன. அப்போது தனித்தனி மனைக்கு மட்டும் பணம் கட்டினார்களா, மனைப்பிரிவு முழுதும் வரன்முறை ஆனதா, சாலைகள் ஒப்படைக்கப்பட்டனவா என்று பாருங்கள். இந்த மூன்றும் ஒன்றல்ல. என் மனை ரெகுலரைஸ் ஆகிவிட்டது என்று ஒவ்வொருவரும் ரசீதைக் காட்டுவார்கள், தெருவுக்கு மட்டும் ஒரு தாளும் இருக்காது.

அதே வரைபடத்தில் திறந்தவெளி ஒதுக்கீட்டு நிலம், அதாவது எல்லோரும் ஓ.எஸ்.ஆர். என்று சொல்வது, எங்கே காட்டப்பட்டிருக்கிறது என்றும் பாருங்கள். பெரிய லேஅவுட்களில் சாலை போக மீதியில் 10 சதவீதம் பூங்காவுக்கு விட வேண்டும் என்பது விதி. வரைபடத்தில் பச்சையாக இருக்கும் இடத்தில் நேரில் போனால் வீடு இருக்கும், அல்லது கோயில் இருக்கும். அது தெரிந்த அன்றைக்கே சங்கத்தின் முதல் சண்டை ஆரம்பித்துவிடும் என்பதால், புதுச் சங்கம் இதை முதல் வேலையாக எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், நகல் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.

அடுத்தது, எந்தக் குறை யாருடைய பொறுப்பு. உங்கள் உள்தெரு மாநகராட்சியுடையது. ஆனால் அது போய்ச் சேருகிற பெரிய ரோடு மாநில நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கலாம். தாம்பரம்–வேளச்சேரி சாலை அப்படித்தான். தெருவிளக்கு மாநகராட்சியின் பொறுப்பு, அது மாட்டியிருக்கும் கம்பம் பல இடங்களில் மின்வாரியத்தின் சொத்து. ஏரி நீர்வளத் துறையிடம் இருக்கலாம், குளம் மாநகராட்சியிடம் இருக்கலாம். சென்னை மாநகராட்சிக்குள் என்றால் குடிநீரும் கழிவுநீரும் குடிநீர் வாரியத்தின் வேலை. தாம்பரத்தில் பெரும்பாலும் மாநகராட்சியே பார்க்கிறது. இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் ஆபீஸில் இருந்தபோது சங்கங்களிடமிருந்து வந்த மனுக்களில் பெரும்பாலானவை ஒரே அச்சு: ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண் போட்டு, ரோடு, விளக்கு, நாய், கொசு, குப்பை, மாடு, டாஸ்மாக் என்று எல்லாம் ஒரே தாளில். அந்தத் தாள் ஏதோ ஒரு பிரிவுக்குப் போகும். அந்தப் பிரிவு தன் சம்பந்தப்பட்ட வரியைப் பார்த்து ஒரு குறிப்பு எழுதும், மற்ற பதினொன்றும் அங்கேயே தூங்கும். மனு முடிக்கப்பட்டது என்று கணக்கிலும் ஏறிவிடும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, ஃபைல் அப்படித்தான் நகரும். அதனால் ஒரு மனுவில் ஒரு குறை, ஒரு துறை. விளக்கு என்றால் கம்ப எண். ரோடு என்றால் எந்தக் கதவு எண்ணிலிருந்து எந்தக் கதவு எண் வரை, எத்தனை மீட்டர் நீளம், எத்தனை மீட்டர் அகலம், கடைசியாக எந்த வருடம் போட்டது. டேப்பை எடுத்து நீங்களே அளந்து எழுதிக் கொடுத்தால் உதவிப் பொறியாளருக்குப் பாதி வேலை முடிந்தது. எஸ்டிமேட் போடச் சுலபமான தெரு முதலில் எஸ்டிமேட்டுக்குள் போகும். மனித இயல்பு.

எஸ்டிமேட் என்ற வார்த்தையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சங்கங்கள் கோட்டை விடுவது இங்கேதான். ஒரு தெருவுக்கு ரோடு வருவது இப்படி. பொறியாளர் மதிப்பீடு தயாரிக்கிறார். அதற்கு நிதி எந்தத் தலைப்பிலிருந்து என்று முடிவாகிறது. நிர்வாக ஒப்புதல், தொழில்நுட்ப ஒப்புதல், மன்றத் தீர்மானம், டெண்டர், ஒர்க் ஆர்டர் என்று வரிசையாகப் போகிறது. வேலை நடக்கும்போது அளவுகள் எம்-புக் என்கிற அளவுப் புத்தகத்தில் ஏறுகின்றன. அதை வைத்துத்தான் ஒப்பந்ததாரருக்குப் பில். ஜல்லி வந்து இறங்கிய பிறகு, ‘சார், வடிகால் கட்டாமல் ரோடு போடுகிறீர்களே’ என்று நாற்பது பேர் கூடி நின்று கத்துவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அவர்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் ஒர்க் ஆர்டரில் வடிகால் இல்லை, அந்த ஒப்பந்ததாரரால் ஒன்றும் செய்ய முடியாது. வேலையை நிறுத்தினால் நிதி அடுத்த தெருவுக்குப் போய்விடும். அவர்கள் வந்திருக்க வேண்டிய நாள் எஸ்டிமேட் போடுவதற்கு முன்பு. மாநகராட்சி பட்ஜெட் மார்ச் மாதத்தை ஒட்டி வருகிறது. அதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே உங்கள் தெருக்களின் பட்டியல், அளவுகளோடு, பொறியாளர் மேசையில் இருக்கட்டும். ஐப்பசியில் மழை கொட்டும்போது வடிகால் கேட்டால் டி.வி.க்காரர்கள் வருவார்கள், வடிகால் வராது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சாலை தோண்டும் வேலைகளையே நிறுத்தி வைப்பார்கள்.

எஸ்டிமேட் தயாரானதும் அதில் மூன்று விஷயங்களைப் பாருங்கள். முதலாவது, பழைய தாரைச் சுரண்டி எடுப்பது, மில்லிங் என்பார்கள், சேர்க்கப்பட்டிருக்கிறதா. பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு போட்டுப் போட்டுத்தான் சென்னையில் பல வீடுகளின் வாசல் தெருவைவிடத் தாழ்ந்து போனது. 2021-இல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, சுரண்டி எடுத்த பிறகே மறுபடி சாலை போட வேண்டும் என்று எல்லாத் துறைகளுக்கும் கண்டிப்பாக எழுதினார். அந்த உத்தரவைக் குறிப்பிட்டுக் கேளுங்கள், எந்தப் பொறியாளரும் மறுக்க மாட்டார். இரண்டாவது, கனம்; எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதியிருக்கும், வேலை நடக்கும் நாளில் ஓரத்தில் ஒரு ஸ்கேலை வைத்தாலே தெரியும். மூன்றாவது, பாதாளச் சாக்கடையோ குடிநீர்க் குழாயோ அந்தத் தெருவில் வரப்போகிறதா. வரப்போகிறது என்றால் ரோட்டை ஒரு வருடம் தள்ளிப்போடச் சொல்லிச் சங்கமே எழுதிக் கொடுப்பது புத்திசாலித்தனம். உறுப்பினர்கள் உங்களைத் திட்டுவார்கள். திட்டட்டும், போட்ட ஆறாவது மாதம் தோண்டிய ரோட்டுக்கு மறுபடி நிதி வருவதற்குள் உங்கள் பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விடுவார்கள்.

நீங்கள் கேட்டதில் எனக்குக் கவலை தருவது ரோடு அல்ல, அந்த இரண்டு தெருத் தண்ணீர். ரோட்டை ஒரு நகருக்குள் முடித்துவிடலாம். தண்ணீரை முடியாது. வடிகால் கட்டுங்கள் என்று மனு கொடுக்கும் சங்கங்கள், வடிகால் எங்கே போய் முடியும் என்பதைக் கேட்பதே இல்லை. முடிகிற இடம் தெரியாமல் கட்டிய வடிகால், நீளமான தொட்டியாகத்தான் நிற்கும், கொசுவுக்கு வசதி. உங்கள் தெருவிலிருந்து தண்ணீர் இயல்பாக எந்தப் பக்கம் ஓடுகிறது என்று ஒரு மழை நாளில் குடையோடு நடந்து பாருங்கள். பழைய வருவாய்த் துறை வரைபடத்தில் பக்கத்தில் வாய்க்கால் ஏதாவது காட்டியிருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். பெரும்பாலும் இருக்கும், அதன் மேல் யாரோ மதில் கட்டியிருப்பார்கள். தண்ணீர் போகிற பாதையில் அடுத்த நகர் வரும், அதற்கடுத்து ஒரு கிராம ஊராட்சி வரும். 2015 டிசம்பரில் அடையாறு பொங்கியபோது முடிச்சூரும் வரதராஜபுரமும் சேர்ந்துதான் மூழ்கின. இரண்டும் தனித்தனி ஊராட்சிகள் என்பது தண்ணீருக்குத் தெரியவில்லை. அதனால் உங்கள் வடிகால் விஷயத்தில் முதல் கூட்டம் மாநகராட்சியோடு அல்ல, தாழ்வான பக்கத்தில் இருக்கும் குடியிருப்போடு நடக்க வேண்டும். பெரும்பாலும் அங்கே இருப்பவர்கள் உங்களைவிட வசதி குறைந்தவர்களாக இருப்பார்கள். உங்கள் தண்ணீரை அவர்கள் வாசலுக்குத் தள்ளிவிட்டு வெற்றி விழா கொண்டாடும் சங்கங்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த வெற்றி ஒரு மழைக்கு மேல் தாங்கவில்லை, கீழே இருப்பவர்கள் மண் மூட்டை போட்டு அடைத்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பதிவு பற்றி. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975. குறைந்தது ஏழு பேர் சேர்ந்து, நோக்கங்களையும் துணை விதிகளையும் எழுதி, மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்யலாம். உறுப்பினர்கள் இருபதைத் தொட்டாலோ, ஆண்டு வரவோ செலவோ 10,000 ரூபாயை எட்டினாலோ பதிவு கட்டாயம். நூற்றைம்பது வீட்டில் இந்த இரண்டும் முதல் மாதமே நடந்துவிடும், ஆகவே தள்ளிப்போடுவதில் லாபமில்லை. பதிவு செய்தால் சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு திறக்கலாம், அரசுத் திட்டங்களில் பங்குத்தொகை கட்டலாம். தலைவர் வீட்டு அலமாரியில் சந்தாப் பணம் கிடக்கும் நிலைமை தவிரும். பாதிச் சண்டை அதில் தீரும். ஆனால் பதிவோடு வேலை முடிவதில்லை. வருடம் தவறாமல் பொதுக்குழு கூட வேண்டும், கணக்கு தாக்கல் செய்ய வேண்டும், நிர்வாகிகள் மாறினால் தெரிவிக்க வேண்டும், செயற்குழுவின் காலம் மூன்று வருடத்துக்கு மேல் போகக் கூடாது. ஆரம்பத்தில் உற்சாகமாகப் பதிவு செய்துவிட்டு, அப்புறம் பல வருடம் தாக்கல் செய்யாமல் விட்ட சங்கங்கள் ஊரெல்லாம் இருக்கின்றன. பக்கத்து நகர்ச் சங்கமும் அப்படி இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கதை வேறு. அவற்றுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது, உங்களுக்கு அது பொருந்தாது.

துணை விதிகளை இணையத்தில் கிடைக்கும் மாதிரியிலிருந்து அப்படியே எடுத்து நிரப்பாதீர்கள். அதில் ஒரு வரியைக் கட்டாயம் பாருங்கள்: உறுப்பினர் ஆகத் தகுதி யாருக்கு? ‘மனை அல்லது வீட்டின் உரிமையாளர்’ என்று இருக்கும். குடியிருப்போர் சங்கம் என்று பெயர் வைத்துக்கொண்டு குடியிருப்பவர்களில் பாதிப் பேரை வெளியே நிறுத்துவது நியாயமில்லை என்பது ஒரு பக்கம். காரிய ரீதியாகவும் அது நஷ்டம். வாடகைக்கு இருப்பவர்களுக்கும் அந்த வார்டில் ஓட்டு இருக்கிறது, கவுன்சிலர் எண்ணுவது ஓட்டைத்தான். அதோடு, பகலில் தெருவில் என்ன நடக்கிறது என்று தெரிந்தவர்கள் பெரும்பாலும் வாடகை வீட்டுப் பெண்கள்தான். உரிமையாளர்களில் கால்வாசிப் பேர் வெளியூரில் இருந்துகொண்டு வாட்ஸ்அப் குழுவில் ஆலோசனை சொல்வார்கள்.

சங்கங்களால் உருப்படியாக ஏதாவது நடந்திருக்கிறதா என்று கேட்டால், சென்னையிலேயே உதாரணங்கள் உண்டு. வெவ்வேறு விதமானவை, அதனால்தான் சொல்கிறேன். 1989-இல் எம்.பி. நிர்மல் ஆரம்பித்த எக்ஸ்னோரா, தெருவுக்குத் தெரு மக்களைச் சேர்த்து, வீட்டுக்கு மாதம் ஒரு சிறு தொகை வாங்கி, மூன்று சக்கர வண்டியோடு ஒருவரை வைத்துக் குப்பையை எடுக்க வைத்தது. தெருமுனைத் தொட்டி வரை கொண்டுபோய்ப் போடுவது மக்கள் ஏற்பாடு, அங்கிருந்து அள்ளுவது மாநகராட்சி. 2000-இல் ஓனிக்ஸ் நிறுவனம் வந்து, வீடுவீடாகக் குப்பை எடுப்பது ஒப்பந்த வேலையாக மாற மாற, அந்தத் தெரு அமைப்புகளில் பலவற்றுக்கு வேலை இல்லாமல் போனது. மாநகராட்சி செய்யாத வேலையைத் தானே செய்வதற்காக மட்டும் உருவான சங்கத்துக்கு ஆயுள் குறைவு என்று நான் இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் இருப்பார்கள்.

ஆலந்தூர் இன்னொரு விதம். 1990-களின் பிற்பகுதியில் அது தனி நகராட்சி, பாதாளச் சாக்கடை கிடையாது. அப்போதைய தலைவர் ஆர்.எஸ். பாரதி, வீட்டுக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகை கட்டினால் திட்டத்தைக் கொண்டுவரலாம் என்று மக்களிடம் போனார். அந்தக் காலத்தில் 5,000 ரூபாய் சின்னத் தொகை இல்லை. குழாய் பதிக்கும் முன்பே முனிசிபாலிட்டியிடம் பணத்தைக் கொடுப்பதா என்று யாரும் தயங்குவார்கள். வீடு வீடாகப் போய்ப் பேசியதில் குடியிருப்போர் சங்கங்களுக்குப் பெரிய பங்கு இருந்தது. பணம் சேர்ந்தது, கடனும் தனியார் முதலீடும் வந்தன, 2000-களின் முதல் பாதியில் திட்டம் நிறைவேறியது. நாட்டில் பல நகரங்களிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அங்கே சங்கங்கள் செய்தது மனு கொடுப்பது அல்ல. அக்கம்பக்கத்தாருக்கு நம்பிக்கை கொடுத்தார்கள். அது அதிகாரியால் முடியாத காரியம்.

உங்களுக்குப் பக்கத்திலேயே சிட்லபாக்கம் இருக்கிறது. 2019 வறட்சியில் ஏரி காய்ந்து கிடந்தபோது ஊர்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் இறங்கிக் குப்பையை அள்ளினார்கள். கையால் அள்ளி ஏரியைச் சீரமைக்க முடியாது என்று அவர்களுக்கும் தெரியும். ஆனால் அது எல்லோர் கண்ணிலும் பட்டது, 25 கோடி ரூபாயில் சீரமைப்புப் பணிக்கு அரசு ஒப்புதல் கொடுத்தது. கையில் மண்வெட்டி, கூடவே கோரிக்கை. இரண்டும் சேர்ந்து போன உதாரணம் அது.

பணம் கட்டுவது பற்றி உங்கள் நகரிலும் பேச்சு வரும். நமக்கு நாமே திட்டம் என்று ஒன்று இருக்கிறது. 1990-களில் வந்து, 2011-இல் தன்னிறைவுத் திட்டம் என்று பெயர் மாறி, 2021-இல் மறுபடி பழைய பெயரோடு நகர்ப்புறத்துக்கும் வந்தது. பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். பூங்கா, பள்ளிக் கட்டடம், சமுதாயக் கூடம் போன்றவற்றுக்கு நல்ல வழி. ஆனால் உள்தெரு ரோட்டுக்கும் தெருவிளக்குக்கும் இதைப் பயன்படுத்தச் சொல்லி யாராவது சொன்னால் யோசியுங்கள். அதற்குத்தான் சொத்துவரி கட்டுகிறீர்கள். அவசரத்துக்குக் கட்டிவிட்டால் வேலை சீக்கிரம் நடக்கும், அது உண்மை. ஆனால் ஒருமுறை காசு கொடுத்த தெரு அடுத்த முறையும் கொடுக்கும் என்ற எதிர்பார்ப்பு வந்துவிடும், கொடுக்க வழியில்லாத தெரு வரிசையில் பின்னால் போய்விடும். இதில் எனக்கே தெளிவான முடிவு கிடையாது. எங்கள் சங்கத்தில் இதற்காக இரண்டு கட்சி இருக்கிறது.

கவுன்சிலர் விஷயத்துக்கு வருகிறேன். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த பிறகு, 2022 பிப்ரவரியில் தேர்தல் நடக்கும் வரை தமிழ்நாட்டு நகர்ப்புற உள்ளாட்சிகளில் கவுன்சிலர்களே இல்லை. அந்த ஐந்து சொச்சம் வருடத்தில் சங்கங்கள் நேராக அதிகாரிகளிடம் பேசிப் பழகிவிட்டன. தேர்தல் வந்த பிறகும் பழைய பழக்கத்தில் கவுன்சிலரைத் தாண்டிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அது தவறான கணக்கு. எந்தத் தெரு முதலில் என்று தீர்மானிக்கும் இடத்தில் அவர் இருக்கிறார்; மனுவின் நகலை அவருக்குக் கொடுத்துவிட்டுத்தான் மண்டல அலுவலகம் போக வேண்டும். அதற்காக விழாவுக்கு விழா பொன்னாடை போர்த்தி, சங்கத்தின் ஃபிளெக்ஸில் அவர் படத்தைப் போட வேண்டியதில்லை. அடுத்த தேர்தலில் வேறொருவர் வந்தால் அந்த ஃபிளெக்ஸ் உங்களைத் துரத்தும்.

2022-இல் வந்த விதிகளின்படி ஒவ்வொரு வார்டுக்கும் வார்டுக் குழுவும், வார்டைப் பிரித்துப் பகுதி சபைகளும் அமைக்கப்பட்டன. அந்த ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி முதல் கூட்டங்கள் நடந்தபோது, முதலமைச்சர் உங்கள் மாநகராட்சியைச் சேர்ந்த பம்மலில்தான் கலந்துகொண்டார். கிராமசபை மாதிரி, பகுதியின் வாக்காளர் யார் வேண்டுமானாலும் போய்ப் பேசலாம். இதில் உறுதியாகச் சொல்லக்கூடியது அவ்வளவுதான். பகுதிப் பிரதிநிதிகள் தேர்ந்தெடுக்கப்படுகிறவர்கள் அல்ல, நியமிக்கப்படுகிறவர்கள். அதனால் கட்சிக்காரர்களே உட்கார்ந்துகொள்கிறார்கள் என்ற புகார் ஆரம்பத்திலிருந்தே உண்டு. கூட்டம் நடப்பதே தெரியாமல் நடந்து முடிகிறது என்ற புகாரும் உண்டு. இந்த அமைப்பு வேர் பிடிக்குமா என்பதில் எனக்குச் சந்தேகம்தான். இருந்தாலும் போங்கள். உங்கள் தெருவின் பெயர் கூட்டக் குறிப்பில் ஏறினால், அடுத்த மனுவில் ‘இன்ன தேதி பகுதி சபையில் பதிவான கோரிக்கை’ என்று எழுதலாம். ஃபைலில் இன்னொரு தாள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் கடைசியில் சொல்கிறேன், ஏனென்றால் பலர் அதை முதலில் எடுத்துவிடுகிறார்கள். சந்தேகப்பட்டுக் கேட்கிறான் என்று தெரிந்ததும் பொறியாளர் உங்களைக் கண்டால் தலையைக் குனிந்துகொள்வார். நேரில் கேட்டால் கிடைக்கிற எஸ்டிமேட் நகலை நேரிலேயே கேளுங்கள். கிடைக்கவில்லை என்றால் தாராளமாகப் போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில், இல்லையென்றால் மேல்முறையீடு. சங்கத்தின் பெயரில் போட வேண்டாம். அந்தச் சட்டம் உரிமை கொடுத்திருப்பது குடிமகனுக்கு, அதனால் ஒரு தனிநபரின் பெயரில் போடுவதுதான் பத்திரம். ஆவண நகல் மட்டுமல்ல, நடக்கும் வேலையைப் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் மாதிரியைச் சான்றளித்து வாங்கவும் அந்தச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. ரோடு விஷயத்தில் இது கூர்மையான ஆயுதம், யாரும் பயன்படுத்துவதில்லை. ‘ஏன் ரோடு போடவில்லை’ என்று கேட்காதீர்கள். ‘ஏன்’ என்பது தகவல் ஆகாது என்று ஒற்றை வரியில் பதில் வரும். ‘இந்தத் தெருவுக்குக் கடைசியாக ரோடு போட்ட ஒர்க் ஆர்டர், மதிப்பீடு, அளவுப் புத்தகப் பக்கங்களின் நகல்’ என்று கேளுங்கள். குறைபாடு பொறுப்புக் காலம் முடியவில்லை என்று அதில் தெரிந்தால், பழுதை ஒப்பந்ததாரர் தன் செலவில் சரி செய்ய வேண்டும். புது நிதியே தேவையில்லை.

என் பதிலின் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். தானப் பத்திரம், சங்கப் பதிவு, தகவல் உரிமை பற்றிச் சொன்னவை சட்டத்தில் இருப்பவை. மனுவை எப்படி எழுதுவது, எப்போது கொடுப்பது என்பவை என் அனுபவம்; உங்கள் மண்டலத்தில் வேறு விதமாக இருக்கலாம். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தும் மூன்று வருடம் ஒன்றும் நடக்காத தெருக்கள் எனக்குத் தெரியும். சங்கமே இல்லாமல், கவுன்சிலரின் மைத்துனர் வீடு இருந்ததால் ரோடு வந்த தெருவும் தெரியும்.

உங்கள் லேஅவுட்டுக்கு அப்ரூவல் எண் இருக்கிறதா, தேங்கும் தண்ணீர் எந்தத் திசையில் வடிகிறது, கடைசியாக ரோடு போட்டது பேரூராட்சிக் காலத்திலா அதற்குப் பிறகா என்று பார்த்து எழுதுங்கள். பேரூராட்சிக் காலம் என்றால் பழைய ஃபைல்கள் 2021 நவம்பரில் இணைப்பு நடந்த பிறகு எங்கே வைக்கப்பட்டிருக்கின்றன என்று முதலில் விசாரிக்க வேண்டியிருக்கும். பழைய அலுவலகக் கட்டடத்திலேயே இருக்கவும் வாய்ப்பு உண்டு. அந்த விவரம் தெரிந்தால் முதல் மனுவை யாருக்கு, எப்படி எழுதுவது என்று இன்னும் திட்டமாகச் சொல்ல முடியும்.